ஏழாம் நம்பர் மலையில் கிடைத்த கத்தி

“மொதலாளி, இந்தக் கத்தி எந்த ஊருல, ஆரு செஞ்சதுன்னு பார்த்துச் சொல்ல முடியுங்களா?”

பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ராமநாதன், அடுக்கிக்கொண்டிருந்த பூட்டுகளை விட்டு நிமிர்ந்தார். எதிரே எழுபதைத் தாண்டிய ஒருவர் நின்றார். நெற்றி நிறைய விபூதி, தோளில் துணிப்பை. நீட்டிய கையில் ஒரு பழைய மடக்குக் கத்தி.

“எங்கேயிருந்து வர்றீங்க ஐயா?”

“ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டமுங்க. பேரு இராசையா. அங்க செடி கவ்வாத்து வெட்டுனவன். பழைய சாமான் எதைக் காட்டினாலும் நீங்க பூர்வீகம் சொல்லிருவீங்கன்னு பேசிக்கிறாங்க.”

ராமநாதன் கத்தியை வாங்கி விரித்தார். பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று. கட்டைவிரலால் பிடியை ஒருமுறை தடவினார்.

“இது ஏது உங்களுக்கு?”

இராசையா கீழே பார்த்தபடி சொன்னார். “நாப்பத்தஞ்சு வருசமாச்சுங்க. ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து வெட்டயில தேயிலைத் தூருல கெடந்துச்சு. எந்தத் துரையோ விட்டுட்டுப் போயிருக்கணும். ஆபீசுல குடுத்தா நான்தான் எடுத்தேன்னு பேரு வெட்டி வேலையில இருந்து நிப்பாட்டிருவாங்கன்னு பயம். பொட்டியில போட்டு வச்சுட்டேன்.”

“இப்ப என்ன திடீர்னு?”

“மகளுக்கு நேந்துக்கிட்டேன். பன்னெண்டு மணி பஸ்ஸுல கதிர்காமம் போவணும். அடுத்தவங்க பொருள வீட்டுல வச்சுக்கிட்டு முருகன் முன்னால எப்படிக் கையெடுக்கிறது? உடையவங்க கைக்கு இது போவணும். இல்லாட்டி நான் பஸ் ஏற மாட்டேன், லயத்து வீட்டுக்கே திரும்பிருவேன். செஞ்சது ஆருன்னு தெரிஞ்சா வாங்கினது ஆருன்னு பிடிச்சிறலாம்ல?”

கல்லாவில் இருந்த வள்ளியம்மை கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. “என்னங்க, பாவம், சட்டுனு பார்த்துச் சொல்லுங்க” என்று எழுந்து வந்து கணவரின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ராமநாதன் மண்ணெண்ணெய்த் துணியால் அலகின் அடியைத் துடைத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“இங்க எழுத்து இருக்கு. மார்விக் அண்ட் சன்ஸ். கீழே ஷெபீல்ட், இங்கிலாந்து.”

“சீமைக் கத்தியா!” என்றாள் வள்ளியம்மை.

“ஆமா. பிடி மான்கொம்பு. அலகு துருப்பிடிக்கிற எஃகு. எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தினது.”

“அப்ப துரையோடதேதான்” என்றார் இராசையா, மெதுவாக.

“அவசரப்படாதீங்க. இதை வச்சிருந்தவர் இடது கைக்காரர். தீட்டின சாய்வு இந்தப் பக்கம் இருக்கு, பாருங்க. சின்ன அலகோட முனை ஒடிஞ்சிருக்கா? டின் மூடியை நெம்பப் போய் ஒடிஞ்சது. பெரிய அலகு நடுவுல குழிஞ்சிருக்கே, அது தினமும் சணல் அறுத்து அறுத்துத் தேஞ்சது.”

“துரைமார் உக்காந்து சணலா அறுப்பாங்க?” வள்ளியம்மை சிரித்தாள். “நீங்க இரும்புக்கடைக்கு வந்ததுக்குப் பொலிஸ்ல சேர்ந்திருக்கலாம்.”

“ரொம்பக் கோவக்காரர்” என்றார் ராமநாதன், கத்தியை மடக்கியபடி.

“அது எந்த எழுத்துல இருக்கு?” என்றாள் வள்ளியம்மை.

“பிடியைப் பாரு. ஓங்கி ஓங்கித் தட்டின அடையாளம்.”

இராசையா சிரிக்கவில்லை. பையின் வாரை விரல்களால் முறுக்கிக்கொண்டே இருந்தார். “அவரு இருக்காருங்களா?”

“இல்லை. போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு. குடும்பம் இருக்கு. இதைப் பார்த்ததுமே எனக்கு ஆள் பிடிபட்டுருச்சு. விட்டுட்டுப் போங்க, நான் ஒப்படைச்சிடுறேன்.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

“இத்தன வருசம் வச்சிருந்தேன்னு கோவிச்சுக்குவாங்களா?”

ராமநாதன் அலமாரியிலிருந்து ஒரு கற்பூரப் பொட்டலத்தை எடுத்து அவருடைய பைக்குள் போட்டார். “கோவிக்க மாட்டாங்க ஐயா. திரும்பி வந்ததே பெரிசுன்னு நினைப்பாங்க. இந்தக் கற்பூரத்தை அவங்களுக்காகவும் ஏத்திடுங்க.”

“ஆரு பேரச் சொல்லி ஏத்துறது?”

“பேர் எதுக்கு? முருகனுக்குத் தெரியாதா?”

இராசையா இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். படியிறங்கியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“ஓடுங்க ஐயா, சீட்டு கெடைக்காது!” என்று ராமநாதன் சத்தம் போட்டார்.

அவர் கூட்டத்தில் மறைந்ததும் வள்ளியம்மை பிடித்துக்கொண்டாள். “அதென்ன, முனை ஒடிஞ்சதையும் சணலையும் வச்சு ஆளையே கண்டுபிடிச்சிட்டீங்க? எந்தத் துரை வீடுங்க அது?”

“துரையுமில்ல, தோட்டமுமில்ல வள்ளி. இது எங்கப்பாவோட கத்தி. ஏழாம் நம்பர் மலையை இது கண்ணால கூடப் பார்த்ததில்ல. நான் பதிமூணு வயசுல கடையைப் பார்த்துக்கிட்டிருந்தப்ப, இந்த மேசையிலயிருந்துதான் காணாமப் போச்சு. நான்தான் தொலைச்சேன்னு அப்பா பிடிச்சுக் கட்டிவச்சு அடிச்சாரு.”

வள்ளியம்மை வாசலை எட்டிப் பார்த்தாள். “அப்ப... அந்தப் பெரியவருக்கு இது நம்ம கத்தின்னு தெரியாதா?”

ராமநாதன் கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“தெரியாமலா, பஜார்ல இத்தனை கடை இருக்க, நேரா நம்மகிட்ட வந்து கேட்டாரு?”