வாலாஜாபாத் எஸ்.டி.டி. பூத்

“மொதல்ல கதவ மூடு வாத்யாரே. தொழில் ரகசியம் வெளிய போவக் கூடாது.”

தணிகாசலம் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினான். ஓர் ஆள் நின்று பேசுவதற்கென்று செய்த கூண்டு. அதற்குள் இப்போது இரண்டு ஸ்டூல், இரண்டு ஆள். முட்டியோடு முட்டி இடித்தது. எதிரே வாலாஜாபாத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் ஜீவானந்தம், ஒரு மேசைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வருஷம் தொண்ணூற்றொன்று. பூத் வைத்தவனெல்லாம் பணக்காரன் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த நேரம்.

“கடியாரம் இன்னாத்துக்குண்ணா?”

“இந்தத் தொழில்ல நிமிஷம்தான் எல்லாமே. சொல்லு, இன்னா வேல பாக்கற?”

“பென்னலூர்ல ஒரு கம்பெனி. எட்டு வருஷமா ஆபரேட்டர். சீனியாரிட்டில நான்தான் மொத ஆளு. ஆனா மேல ரகுபதின்னு ஒரு சூப்பர்வைசர் குந்திகினு கீறாரு. அவரு எழுந்தாத்தான் நான் குந்த முடியும். ரிட்டயர் ஆவ இன்னும் பதினேழு வருஷம் கீது. ஒரு ஜலதோஷம்கூட வர மாட்டேங்குதுண்ணா அந்தாளுக்கு! இன்னிக்கு என்னமோ அதிசயமா பல்லு வலின்னு லீவு போட்டாரு. அந்தச் சந்துல நானும் நழுவி வந்துட்டேன்.”

தணிகாசலம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே நாலாக மடித்த ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும் போடவில்லை. இந்த மனிதர் ‘பூத் வை’ என்றால் நாளைக்கே தேதி. ‘வேண்டாம்’ என்றால் பதினேழு வருஷம் ரகுபதி.

கண்ணாடிக்கு வெளியே வரிசை நின்றது. பதினோரு பேர். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். முதலில் நின்றவர் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, ஜீவானந்தத்தின் மடியில் இருந்த கடிகாரத்தில் மணி பார்த்தார்.

“எப்பவுமே இவ்ளோ கூட்டமாண்ணா?”

“கட தொறக்கறதுக்கு மின்னாடியே வந்து நிக்கறாங்க. சாப்பிடக்கூட வுட மாட்டேங்கறாங்க.”

தணிகாசலத்துக்குப் புல்லரித்தது. தன் நோட்டைத் திறந்தான்.

“போர்டு மஞ்சள் கலர்ல இருக்கணும்” என்று ஆரம்பித்தார் ஜீவானந்தம். “எஸ்.டி.டி.யோட ஐ.எஸ்.டி.யும் சேத்து எழுது.”

“எங்க ஊர்ல வெளிநாட்டுக்கு எவன்ணா பேசப் போறான்?”

“எவனும் பேச வாணாம். பக்கத்து ஊர்க்காரன் படிச்சா போதும். அப்புறம், கண்ணாடிக் கதவு கண்டிப்பா வேணும். மாமியார திட்டறவன் வாய் நெறைய திட்டணும்.”

“ஃபேன்?”

“வெக்காத. வேர்த்தாத்தான் சீக்கிரம் வெளிய வருவான்.”

“சீக்கிரம் வந்தா நமக்குத்தானேண்ணா நஷ்டம்?”

ஜீவானந்தம் கூரையைப் பார்த்து யோசித்தார். “அப்ப வையி.”

தணிகாசலம் இரண்டையும் எழுதிக்கொண்டான்.

“மூணு மதத்து சாமி படமும் மாட்டு. எவன் யார வேண்டிகினு டயல் பண்ணுவான்னு சொல்ல முடியாது.”

தணிகாசலம் போனைப் பார்த்தான். அதற்குப் பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப் பூ சாத்தியிருந்தது.

“போன தொடறதுக்கு மின்ன செருப்ப கழட்டணுமாண்ணா?”

“நல்ல கேள்வி. அதையும் எழுதிக்கோ.”

தணிகாசலத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “போதும்ணா! முடிவு பண்ணிட்டேன். இப்பவே கம்பெனி ஆபீசுக்கு போன் போட்டு, நாளையிலிருந்து வரலன்னு சொல்லிடறேன்!”

ஜீவானந்தம் தடுப்பதற்குள் பட்டுத்துணியை விலக்கி, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். சத்தம் இல்லை. தட்டிப் பார்த்தான். உதறிப் பார்த்தான்.

“அண்ணா, போன் செத்துப்போச்சு!”

“பொறந்தாத்தானே சாவறதுக்கு?” என்றார் ஜீவானந்தம் நிதானமாக. “லைனுக்கு எழுதிப் போட்டு ரெண்டு வருஷம் ஆவுது. இன்னும் குடுக்கல.”

போனின் வயர் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் அழகாகச் சுற்றி மாட்டப்பட்டிருந்தது.

“அப்ப வெளிய நிக்கறவங்கல்லாம்?”

“உன்ன மாரிதான், பூத் வெக்க யோசன கேக்க வந்தவங்க. படப்பை ரெண்டு, சேரப்பணஞ்சேரி மூணு, மத்ததெல்லாம் ஒரகடம்.” கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டு கிழித்தார். “பன்னெண்டு நிமிஷம். இருவத்தினாலு ரூபா. ராத்திரி வந்திருந்தா பாதி ரேட்டு.”

பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான் தணிகாசலம். ராஜினாமாக் கடிதத்தை எடுத்தான். நல்லவேளை, தேதி போடவில்லை. கிழிக்கப் போனவன் அப்படியே நின்றான்.

வரிசையின் கடைசியில், புதிதாக வந்து சேர்ந்த பன்னிரண்டாவது ஆளாக, கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் நாலாக மடித்த காகிதத்தோடு, சூப்பர்வைசர் ரகுபதி.

இவனைப் பார்த்ததும் அவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“இது... பல்லு டாக்டர் வரிசைன்னு நெனச்சேன்பா.”

“இல்ல சார்.”

ரகுபதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார். “யார்கிட்டயும் சொல்லிடாத. வேலைய வுட்டுட்டு பூத் வெக்கலாம்னு இருக்கேன். லெட்டர்கூட எழுதிட்டேன், தேதிதான் போடல. நீ உள்ள போயிட்டு வந்தியே, நல்ல தொழில்தானா?”

தணிகாசலம் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தான். ரகுபதி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். தன் கடிதத்தைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு, பேனாவை வெளியே எடுத்தான்.

“உள்ள போனா நிமிஷத்துக்கு ரெண்டு ரூபா சார், நான் சும்மாவே சொல்றேன். தங்கமான தொழில். இந்தாங்க பேனா, தேதியப் போடுங்க.”