லாபக் கரண்டி

பங்களாவின் பின்னறை மேசைமேல் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. தகர டப்பாவில் பித்தளைத் தோட்டாக்கள் மின்னுகின்றன. தேயிலைக்குள் சிறுத்தை பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்ததால், துரை இப்போதுதான் உள்ளே வந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார். அவருக்குக் கைநடுக்கம் வந்ததிலிருந்து, பிடியைக் கீழே இழுத்துத் தோட்டா செருகி மேலே மடக்கிச் சுடுகிற அந்தப் பழைய றைபிளுக்குத் தோட்டா அடைத்துக் கொடுப்பவர்கள் இவர்கள் இருவர்தான். காவற்கார மூக்கன் தோட்டாவுக்கு ஒரு கரண்டி வெடிமருந்து போடுவான். பங்களாச் சமையல் அப்பு சூசைரட்ணம் ஈயக் குண்டை வைத்து அழுத்துவார். இன்று மூக்கன் எண்ணிய குரல் அவர் காதில் இப்போதுதான் உறைக்கிறது.

“மூக்கா, ஒன்னுக்குப் பதிலா லாபம்னு ஆரம்பிச்சியே, அடுத்தது ரெண்டுதானே சொன்ன?”

“ஒன்னுன்னேண்ணே. அரிசி அளக்கையில எங்க வீட்ல அப்படித்தான். லாபத்த எவன் கணக்குல சேப்பான்?”

“அந்த லாபக் கரண்டிய எதுல போட்ட?”

“மொதத் தோட்டாவுலதாண்ணே. பெறகு அதுலேருந்துதான் எண்ணினேன்.”

சூசைரட்ணம் டப்பாவைத் தன் பக்கம் இழுக்கிறார். அவ்வளவு பெரிய தோட்டாவில் மருந்து இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது. சுட்டால் றைபிளே முகத்தில் வெடிக்கும். டப்பாவில் ஆறு மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றாய்க் காதருகே வைத்து ஆட்டுகிறார். ஆறும் ஒரே மாதிரிச் சலசலக்கின்றன; மருந்து கூடியது இவற்றில் இல்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுகிறார். வாசலில் துரையின் கையில் றைபிளின் பிடி கீழே இறங்கி, மேலே ஏறி, டக்கென்று பூட்டிக்கொள்கிறது.