கன்னத்துக்குச் செதுக்கிய கட்டை

"கண்ணை மூடுங்க. துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு வாங்க. கன்னத்தைக் கட்டையில சாய்ங்க. ம், இப்பத் திறங்க. என்ன தெரியுது?"

"கறுப்பாத் தெரியுது மாஸ்டர். கரடி முதுகைக் கிட்டப் போய்ப் பார்த்த மாதிரி."

உர்பானுக்கு வியர்த்தது. ஃபெர்லாக் ஊரில் வேட்டைத் துப்பாக்கிக்கு மரக்கட்டை செதுக்குபவர்கள் பலர் உண்டு. ஆனால் செதுக்கிய கட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று மார்தட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஆளின் தோளையும் கழுத்தையும் கன்னத்தையும் அளந்து, அந்த ஆளுக்கென்றே வால்நட் மரத்தைச் சீவிச் சீவி இழைப்பார். கண்ணைத் திறந்த கணமே, துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கிக்குள் முழு நிலா மாதிரி வெளிச்ச வட்டம் தெரிய வேண்டும்.

காட்ஃப்ரீட்டுக்கு அமாவாசை தெரிந்தது.

"போன வாரம் ஆசையா வாங்கிட்டுப் போனேன். நாளைக்கு விடிஞ்சா மான் வேட்டை!" என்று புலம்பினார் காட்ஃப்ரீட். பக்கத்துப் பள்ளத்தாக்கில் சாப்பாட்டு விடுதி நடத்துபவர். முகத்தில் பாதி தாடி, மீதியும் தாடி. "மூணு வருஷமா எனக்கு ஒரு கலைமான் விழல. என் மச்சான் என்னை மான்களோட ஞானத்தந்தைன்னு கூப்பிடறான். காட்டுல இருக்கறது எல்லாம் நான் ஞானஸ்நானம் குடுத்து வெச்ச குழந்தைங்களாம்."

"மச்சானை விடுங்க, எனக்கு என்ன பதில்?" என்றாள் அவர் மனைவி ரோஸ்விதா. தடித்த கம்பளிச் சால்வையைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்திருந்தாள். "கல்யாண வெள்ளி விழாவுக்கு மான் பல்லு வெச்ச டாலர் போடறேன்னாரு. ஊர்ல வேட்டைக்காரன் பொண்டாட்டிங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை பல்லும் கழுத்துமா சர்ச்சுக்கு வர்றாங்க. நானும் நம்பி வெள்ளி டாலரை அப்பவே செஞ்சு வாங்கிட்டேன். மான்தான் வரல."

"வரும்! நாளைக்கு வரும்! கட்டை சரியானா வரும்!" என்றார் காட்ஃப்ரீட்.

உர்பான் மீண்டும் துப்பாக்கியை அவர் தோளில் வைத்தார். கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே தன் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போனது.

"வசந்த காலத்துல அளவு எடுத்தப்போ இதே கோட்டுதானே?"

"இதே கோட்டுதான். இதே சட்டைதான். தொப்பிகூட மாத்தல."

"அப்ப இளைச்சிட்டீங்க."

ரோஸ்விதா விழுந்து விழுந்து சிரித்தாள். "இவரா? வசந்த காலத்துல சூப்பைத் தவிர ஒண்ணையும் தொடாதவரு, இப்பப் பன்னிக்கறியை எலும்போட கடிக்கறாரு. போன மாசம் கோட்டுப் பொத்தான் தெறிச்சு, விடுதிக்கு வந்த ஒருத்தர் சூப்புல விழுந்துச்சு."

"அப்ப என் அளவு தப்புன்னு சொல்றீங்களா?" உர்பான் உளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அம்மா, இவரை அளந்த நாளை நான் மறக்க முடியுமா? வர்றவன் எல்லாம் வேட்டைக் கதையா அளப்பான். இவரு வாயே திறக்கல. சிலை மாதிரி நின்னாரு. மாதிரிக் கட்டையில கன்னத்தை வெச்சாரு பாருங்க, பொலபொலன்னு கண்ணுல தண்ணி! மரத்தைத் தொட்டு அழுத மனுஷனை அன்னிக்குத்தான் பார்த்தேன். பீர்க்கடையில இதைச் சொல்லாத நாளே கிடையாது. கேட்டுட்டு என் மருமகன்கூட அழுதான். அவன் வரிவசூல் ஆபீசுல வேலை பார்க்கறவன்!"

காட்ஃப்ரீட் கூரையைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணீருக்காகத்தான், அப்பா காலத்துலேர்ந்து காய வெச்சிருந்த மரத்தை உங்களுக்கு எடுத்தேன். உங்க கன்னத்துக்கு எவ்வளவு இடம் வேணுமோ, அவ்வளவு குடைஞ்சேன்."

"கொஞ்சம் மரத்தை மேல ஒட்டிடலாமே மாஸ்டர்?"

"ஒட்டறதா?" உளியைக் கீழே வைத்தார் உர்பான். "அதுக்கு என் மூக்கை அறுத்து ஒட்டுங்க!"

காட்ஃப்ரீட் துப்பாக்கியை மடியில் கிடத்தித் தடவினார். "அப்ப நாளைக்கும் நான் ஞானத்தந்தைதான்" என்றார் பரிதாபமாக.

பட்டறையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ரோஸ்விதா புழுக்கம் தாங்காமல் சால்வையை அவிழ்த்தாள். கழுத்தில் வெள்ளி டாலர் மின்னியது. அதன் நடுவே, கொழுக் மொழுக்கென்று ஒரு பல்.

உர்பான் துள்ளி எழுந்தார்.

"அடப்பாவிங்களா! பல்லு தொங்குது! என் துப்பாக்கியாலயே மானை அடிச்சிட்டு, என் கட்டையைக் குறை சொல்ல வந்தீங்களா? எவ்வளவு பெரிய பல்லு! காட்டுக்கே ராஜாவா இருந்திருக்கும்!"

"ஊர்ப் பொம்பளைங்களும் அதைத்தான் சொல்றாங்க, நானும் மறுக்கல" என்று டாலரைப் பெருமையாகத் துடைத்துக்கொண்டாள் ரோஸ்விதா. "ஆனா உங்ககிட்ட எதுக்கு மாஸ்டர் பொய்? இது இவரோட கடவாப் பல்லு. நீங்க அளவெடுத்த அன்னிக்குத் தாடிக்குள்ள கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வலியில துடிச்சிட்டிருந்தாரு, மறுநாளே பிடுங்கிட்டோம்."

உர்பான் மெல்லத் துப்பாக்கியை வாங்கி, அந்தக் கட்டையில் தன் கன்னத்தைச் சாய்த்தார். இந்த முறை பொலபொலவென்று கண்ணீர் வந்தது அவருக்கு.