சனிக்கிழமைக் கந்தேலா

"செலஸ்ரீனாக்கா, உங்கடை மகன் என்ரை பிள்ளை சாம்பவியைச் சுத்துறான்!" என்று அம்பிகை படியில் நின்று கத்தினாள்.

"வாயைக் கழுவு! அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயிலிலை கந்தேலா மாத்தப் போறவன். குருமடத்துக்கு விடப்போறன் எண்டு பாதரிட்டையும் சொல்லிப்போட்டன்!"

இத்தாலியனில் கந்தேலா என்றால் மெழுகுதிரி. அம்பிகை திரும்பிப் படியிறங்கப் பார்த்தாள். துணி காயப்போடுகிற சாக்கில் பல்கனியில் நின்ற எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து செலஸ்ரீனாவின் மகன் ஜெனிஸ்டன் படியேறி வந்தான். கை முழுக்கக் கறுப்பு ஒயில். தோளில் ஒயில் துடைத்த துணி.

"தம்பி, எங்கை போயிட்டு வாறாய்?"

"கந்தேலா மாத்திப்போட்டு வாறன் அம்மா."

"மெழுகுதிரியிலை ஏனடா ஒயில்?"

"எஞ்சின் பிளக்கும் இஞ்சை கந்தேலாதான். சாம்பவி வேலை செய்யிற வீட்டுக்காரி சிஞ்ஞோராவின்ரை, பனியிலை ஓடுற ஸ்கூட்டருக்கு மாத்தினனான். பெல்ட்டும் புதுசு போட்டனான். கோயில் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

செலஸ்ரீனா படியிலேயே குந்திவிட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம். பனியே கொட்டாத பலேர்மோவில், கராஜில் சும்மா நிற்கிற ஸ்கூட்டருக்கு வாராவாரம் பிளக்கும் பெல்ட்டும் எப்படிப் பழுதாகும்? சாம்பவியைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையிலை கராஜிலை கிடக்கிற பழசைத் திரும்பப் பூட்டி வைக்கிறது நான்தான் அன்ரி. அவர் மாத்தேக்கை பாத்துப் பழகினனான்."

உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம் நடந்தது. இப்போது இருவரும் வடக்கே, பனி கொட்டுகிற மலையூரில் குடியிருக்கிறார்கள். சொந்தமாக ஒரு பனி ஸ்கூட்டரும் உண்டு. அது ஒருநாளும் பழுதானதில்லையாம்.