பாலத்தடியில் மாப்பிள்ளை

ஆற்று மணலில் இறங்கி, மூன்றாவது தூணின் அடியில் போய் நின்றார் மாப்பிள்ளை.

புது ரயில் பாலத்தில் முதல் வண்டி ஓடும்போது, கட்டியவர் வீட்டு ஆள் ஒருவர் கீழே நிற்க வேண்டும். அது வழக்கம். பாலம் கட்டிய காண்ட்ராக்டர் தன் மகளின் புருஷனை அனுப்பிவிட்டார்.

அந்தத் தூணில் சிமெண்டைவிட மணல்தான் அதிகம் என்று நேற்று வீட்டில் வாய் திறந்தவர் இந்த மாப்பிள்ளைதான். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வாய் எதற்கு?

"பயமா இருந்தா சொல்லிடுங்க மாப்பிள்ளை, நானே நிக்கிறேன்" என்று ஊரே கேட்கும்படி சொன்னார் மாமனார். அதற்கு மேல் எந்த ஆம்பிளை கரையேறுவான்?

கரையில் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கரையோர ஸ்டேஷனில் இன்னொரு வண்டி தயாராக இருந்தது. ஜன்னலெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தலை. சோதனை முடிந்ததும் அவர்களுக்கு இலவசப் பயணம், காண்ட்ராக்டர் உபயம்.

சோதனை வண்டி கிளம்பியது. பாரத்துக்குக் கருங்கல் ஏற்றியிருக்கிறது என்றார்கள்; மேலே தார்ப்பாய் கட்டிய பெட்டிகள். மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தலைக்கு மேல் கடகடவென்று ஓடியது. தூண் அசையவில்லை.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இந்த வண்டியோ காலித் தகர டப்பாவாய்க் குலுங்கியது. கண்ணைத் திறந்து, தண்டவாளக் கட்டைகளின் இடுக்கில் அண்ணாந்து பார்த்தார்.

கல் ஏற்றிய பெட்டியின் ஸ்பிரிங் நசுங்கிக் கிடக்கும். இவை துள்ளிக்கொண்டு போயின. தார்ப்பாய்க்குள் ஒரு கல்கூட இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் விழுந்தடித்துக்கொண்டு கரையேறினார். கூட்டம் கைதட்டியது.

ரயில்வே எஞ்சினியர் அவர் தோளில் கை வைத்தார். "கீழ நின்னவர் நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், பிள்ளைங்க வண்டிய விட்டுடலாம்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். கண்கள் ஜன்னல் ஜன்னலாகத் தேடின. காலையில் அவரே தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய மகள் எந்த ஜன்னலிலும் இல்லை.

கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனாரின் மடியில் இருந்தாள் அவள். தானும் போகணும் என்று கதறிக்கொண்டிருந்த பேத்தியை அவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தாராளமா விடுங்க சார்" என்றார்.