நீர்

மாரியாத்தாளை 'நீ' என்றும் கணவனை 'நீங்க' என்றும் சொல்லியே பழகிய பூமயிலுக்கு, சபையில் சேர்ந்த பிறகு கர்த்தரை 'நீர்' என்று அழைக்க நாக்கு வளையவில்லை. அப்படி அவள் யாரோடும் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் மற்ற பெண்களுக்கு மடை திறந்தாற்போல் வார்த்தை வரும். இவள் முறை வந்தால் கண்ணை மூடி, "நீர்..." என்பாள், அதோடு நின்றுவிடும். எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகு பாஸ்டரம்மாவே இரக்கப்பட்டு, "ஆமென்" சொல்லி அடுத்தவளிடம் போய்விடுவார்.

வயிற்று ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. பிழைத்துவிட்டோம் என்று புரிந்ததும் நன்றி சொல்ல வாயெடுத்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. "நீர்..." என்றாள்.

சபைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத அவள் கணவன் சங்கரபாண்டி பதறி எழுந்தான். "தண்ணியா புள்ள? குடிக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிருக்கு. உதட்டை மட்டும் நனைக்கலாமாம்." பஞ்சைத் தண்ணீரில் முக்கி, பச்சைப்பிள்ளையின் வாயைத் துடைப்பதுபோல் அவள் உதட்டில் ஒற்றினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கை அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு கொடுத்ததில்லை.

பூமயில் கண்ணை மூடிக்கொண்டாள். "நீர்..." என்றாள் மறுபடியும். மறுபடியும் பஞ்சு வந்தது. அந்த ஈரம் உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, "ஆமென்" என்று தானே முடித்தாள்.

"என்னது?" என்று குனிந்து கேட்டான் சங்கரபாண்டி, பஞ்சை இன்னொரு தரம் நனைத்துக்கொண்டே.