ஒழுகும் தொட்டி

"ஜப்பான்காரனுக்குக் கோபுரம் கட்டித் தர்றியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா? த்தூ!"

பாப்பம்மா துப்பிய எச்சில், அய்யாவு வரைந்துகொண்டிருந்த பலகையின் ஓரத்தில் விழுந்தது. ரப்பர் தோட்டத்துத் தச்சரான அய்யாவு நிமிரவில்லை. கரித்துண்டால் நாலு கால், மேலே ஒரு பரண், அதற்கு மேல் தகரக் கூரை என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

அவள் துப்பியதில் தப்பே இல்லை. போன மாசம் ஜப்பான் லோரி வந்து, சயாமில் ரயில் பாதை போடவேண்டும் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆம்பளைகளில் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போயிற்று. அவளுடைய ஒரே மகனும் அதில் போனான். போனவன் இருக்கிறானா செத்தானா என்று ஒரு சேதி கிடையாது. மிச்சம் இருப்பது புருஷன் அம்மாசி மட்டும்தான். அடுத்த லோரிக்கு அவனும் வேண்டும்.

"கத்தாதே, கழுதை. கிட்ட வா," என்றார் அய்யாவு. "கோபுரம் எதுக்குன்னு தெரியுமா?"

"வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் வருதான்னு பார்க்க. தோட்டம் பூராவும் தெரியும், எனக்குத் தெரியாதா?"

"அது அவனுக்கு. நமக்கு வேற." குரலைத் தாழ்த்தினார். "மழைத் தண்ணி பிடிக்கப் பரணுக்குக் கீழே ஒரு தகரத் தொட்டி வைக்கிறேன்னு ஜப்பான் அதிகாரிகிட்ட சொல்லியிருக்கேன். லயத்துக்குக் குழாயில தண்ணி இறங்கணும்னா கோபுரம் மேட்டு மேலதான் நிக்கணும், துவான்னு கும்பிட்டுச் சொன்னேன். சரின்னுட்டான். மேட்டு மேல ஏறி நின்னா என்ன தெரியும், சொல்லு?"

பாப்பம்மா யோசித்தாள். "கூலிம் ரோடு."

"லோரி வர்ற ரோடு! லோரி கண்ணுல பட்டதும் தொட்டியை ரிப்பேர் பண்ற மாதிரி சுத்தியலால போடுவேன். சத்தம் கேட்டதும் ஆம்பளைங்க பின்பக்கமா ஓடி ஆத்தங்கரைக் காட்டுல பூந்துக்கணும். அங்க அட்டை கடிக்கும். கடிச்சா கடிக்கட்டும், சயாமுக்குப் போறதுக்கு அது தேவலை."

பாப்பம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. துப்பிய இடத்தைத் தானே முந்தானையால் துடைத்தாள்.

கோபுரம் எழுந்தது. ஜப்பான் அதிகாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கட்டினவனே காவலும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். தொட்டியின் இடுப்பில் அய்யாவு வேண்டுமென்றே ஒரு ஓட்டையை விட்டுவைத்தார். மேல்பாதி காலியாக இருந்தால்தானே அடிக்கும்போது கணீரென்று கேட்கும்!

விஷயம் தெரியாத, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தேவதாசன்தான் பாவம், தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு தொட்டியை ஒழுங்கா அடைக்கத் தெரியேல்லை, இவரும் ஒரு தச்சர்!"

இரண்டு தடவை லோரி வந்தது. இரண்டு தடவையும் தொட்டி அலறியது. சிப்பாய்கள் குதித்து இறங்கி வீடு வீடாகப் புகுந்து பார்த்தால், கிழடுகளும் பெண்டு பிள்ளைகளும் தவிர லயத்தில் ஒரு மீசை இல்லை. வந்த வழியே வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இரண்டாம் தடவை அதிகாரி யாரையும் அறையவில்லை, கத்தவும் இல்லை. எங்கேயோ தனியாக நடந்துவிட்டு வந்து, கோபுரத்தடியில் உட்கார்ந்து, கணுக்காலில் தொங்கிய அட்டையைப் பிய்த்துப் போட்டான். பிறகு அண்ணாந்து, "தங்கி போச்சோர் லாகி?" என்று மலாயில் கேட்டான். தொட்டி இன்னும் ஒழுகுதாம்! ஒழுகுது துவான், ஒழுகுது, என்று அய்யாவு மேலேயிருந்து பல்லைக் காட்டினார். அவன் ரத்தம் போனதில் அவருக்கு அன்றைக்கு உள்ளுக்குள்ளே கொண்டாட்டம்.

மூன்றாம் லோரி பட்டப்பகலில் வந்தது. செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, கல்யாணக் கோஷ்டி மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அய்யாவு சுத்தியலை எடுத்துக் கை வலிக்க அடித்தார்.

அம்மாசிக்கு அன்று மலேரியாக் காய்ச்சல். பாயைவிட்டு எழும்போதே உடம்பு உதறியது.

"என்னால ஓட முடியலை, புள்ள. விறகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிறேன். மேல கோணியைப் போட்டு மூடிடு."

"விறகையெல்லாம் குத்திப் பார்ப்பானுங்க. எந்திரி! பெத்த புள்ளையைத்தான் கொடுத்துட்டு நிக்கிறேன், உன்னையும் கொடுக்கச் சொல்றியா?"

கையைப் பிடித்து இழுத்து, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே பின்வாசல்வரை போனாள். அவன் தடுமாறித் தடுமாறித் தோட்டத்துக் கித்தா மரங்களுக்கிடையே ஓடினான். முன்னால் ஓடிய இரண்டு பேர் திரும்பி வந்து அவன் தோளைத் தாங்கிக்கொண்டார்கள். மாரியாத்தா காப்பாத்திட்டா என்று கும்பிட்டுவிட்டுத்தான் பாப்பம்மா வாசலுக்கு வந்தாள்.

லோரி லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. யாரும் குதிக்கவில்லை. பூட்ஸ் சத்தம் இல்லை, அதட்டல் இல்லை. அய்யாவு பரணிலிருந்து குனிந்து பார்த்தார். படுதாவுக்குள்ளே வெறும் பலகைதான் தெரிந்தது.

லோரி ஓட்டும் அழகேசன் கூலிம் தமிழன். துப்பாக்கிக்குப் பயந்து ஜப்பான்காரனுக்கு வண்டி ஓட்டுகிறவன். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

பாப்பம்மாவுக்குக் கேலி பீறிட்டு வந்தது. "என்னண்ணே, இவ்வளவு ஹாரன் அடிச்சு வந்துட்டு வெறும் வண்டியா? சிப்பாய்ங்க ஒருத்தனையும் காணோமே?"

அழகேசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடியறதுக்கு முன்னாடியே ஆத்தங்கரைக் காட்டுல எறக்கிவிட்டுட்டேன், தங்கச்சி."